கட்டளை 0 சதவீதம், நீராவி வால்வ் 22 சதவீதத்தில்: 4–20 மில்லியாம்ப் அவுட்புட் ஸ்கேலிங்

மணலி_இன்ஸ்ட்ரு:
எல்லோருக்கும் வணக்கம். மணலியில் ஒரு சின்ன கெமிக்கல் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் பேனல் ரூமுக்குள் தண்ணீர் புகுந்து பழைய எஸ்எல்சி 500 பிஎல்சி ரேக் (ஆலையை ஓட்டும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) வீணாகிவிட்டது. அதற்குப் பதிலாக சீமென்ஸ் எஸ்7-1200 வாங்கினோம். வெளியிலிருந்து வந்த குழு ஒன்று பழைய லேடர் புரோகிராமை அதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. அனலாக் அவுட்புட்டுக்கு எஸ்எம் 1232 மாட்யூல். நீராவி வால்வுக்கு 4–20 மில்லியாம்ப் கரன்ட் அனுப்புவது அதுதான்: 4 என்றால் மூடல், 20 என்றால் முழுத் திறப்பு.

மற்றதெல்லாம் ஓடுகிறது. ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டுக்குப் போகும் நீராவி வால்வ் மட்டும் மூடவே மாட்டேன் என்கிறது. திரையில் 0 கொடுத்தாலும் வால்வ் தண்டின் (ஸ்டெம்) முள் 20 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. பேட்ச் வெப்பநிலை செட்பாயின்ட்டைத் தொட்ட பிறகும் ஏறிக்கொண்டே போகிறது, ஆப்பரேட்டர் கீழே இறங்கிப் போய்க் கை வால்வை மூடித்தான் நிறுத்துகிறார். மேல் பக்கத்தில் 86 சதவீதத்துக்குப் பிறகு ஸ்டெம் அசைவதே இல்லை. கரன்ட்டுக்கு ஏற்ப வால்வை நகர்த்தும் பொசிஷனர் போய்விட்டதா? ஆட்டோ கேலிபிரேஷன் போட்டால் சரியாகுமா? பொசிஷனர் மாற்ற வேண்டுமென்றால் மேனேஜரிடம் காரணம் சொல்லியாக வேண்டும்.

விம்கோநகர்_சர்வீஸ்:
பொசிஷனர் நல்ல நிலையில்தான் இருக்கும் தம்பி. மாட்யூல் மாற்றினால் ஜீரோவும் ஸ்பேனும் (தொடக்கமும் முழு அளவும்) கொஞ்சம் நகரும். இப்போது 0-க்கு என்ன கரன்ட் வருகிறதோ அதையே ஜீரோவாக வைத்து பொசிஷனரில் கேலிபிரேட் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை, பேட்ச் நிற்காது.

கத்திவாக்கம்_பெரியவர்:
தம்பி, பொசிஷனர் மூடியைத் திறக்க வேண்டாம். முதலில் கரன்ட்டை அளந்து எழுதுங்கள்.

ரியாக்டர் காலியாக இருக்கும்போது கை வால்வை மூடிவிட்டு லூப்பை மேனுவலில் போடுங்கள். மாட்யூலிலிருந்து போகும் பிளஸ் ஒயரை டெர்மினலில் கழற்றி மல்டிமீட்டரை சீரிஸில் மாட்டுங்கள். சிவப்பு லீடு மில்லியாம்ப் ஓட்டையில் இருக்க வேண்டும். 0, 25, 50, 75, 100 என்று கட்டளை கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்களை எழுதுங்கள்: பிஎல்சிக்குள் அவுட்புட் வேர்டில் நிற்கும் கவுண்ட் (புரோகிராம் மாட்யூலுக்கு அனுப்பும் எண்), மீட்டரில் வரும் மில்லியாம்ப், ஸ்டெம் நிற்கும் இடம். இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கோளாறு எந்த இடத்தில் நுழைகிறது என்று தெரிந்துவிடும். கவுண்டுக்கும் கரன்ட்டுக்கும் பொருத்தம் இருந்து ஸ்டெம் மட்டும் தவறினால் பொசிஷனர். கவுண்ட் சரி, கரன்ட் தவறு என்றால் மாட்யூல் செட்டிங் அல்லது ஒயரிங். கவுண்டே தவறு என்றால் புரோகிராம்.

எண்ணூர்_பேனல்:
பெரியவர் சொன்னதோடு ஒன்று. வெள்ளம் புகுந்த இடம் என்பதால் ஜங்ஷன் பாக்ஸையும் திறந்து பாருங்கள். நம்ம பக்கம் உப்புக் காற்று வேறு, டெர்மினல் ஸ்க்ரூவில் பச்சை படிந்திருக்கும். அந்தப் பச்சையின் வழியாகக் கசிவு இருந்தால் கரன்ட் கொஞ்சம் குறையும், ஈர நாளில் ஒன்று, வெயில் நாளில் ஒன்று என்று மாறும். ஆனால் உங்கள் வால்வ் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது. கசிவு அப்படி நடந்துகொள்ளாது.

மணலி_இன்ஸ்ட்ரு:
அளந்துவிட்டேன் சார். கட்டளை 0-க்கு 7.61 மில்லியாம்ப், 25-க்கு 11.22, 50-க்கு 14.84, 75-க்கு 18.45, 100-க்கு 22.06. ஸ்டெம் 0-வில் 22 அல்லது 23 காட்டுகிறது, 75-ல் 90. லேப்டாப்பை ஷிஃப்ட் இன்ஜினியர் எடுத்துப் போயிருக்கிறார், கவுண்ட் நாளைக்குத்தான் பார்க்க முடியும். ஜங்ஷன் பாக்ஸ் சுத்தமாக இருக்கிறது.

தண்டையார்பேட்டை_லேடர்:
அருமையாக அளந்திருக்கிறீர்கள். இந்த ஐந்து எண்களே போதும், கவுண்ட் என்னவென்று இப்போதே சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு 25 சதவீதத்துக்கும் கரன்ட் சுமார் 3.61 ஏறுகிறது. எங்கேயும் வளைவு இல்லை, நேர்க்கோடு. ஆகவே ஒயர், டெர்மினல், லோடு எதையும் சந்தேகப்பட வேண்டாம். 7.61 மில்லியாம்ப் என்பது 4–20-ல் 22.6 சதவீதம், உங்கள் ஸ்டெமும் அங்கேதான் நிற்கிறது. பொசிஷனர் தனக்கு வந்த கரன்ட்டுக்கு ஏற்றபடி நிற்கிறது, அதன் மேல் குறையே இல்லை.

இனி பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். எஸ்7-ல் 4–20 ரேஞ்சுக்கு 0 கவுண்ட் என்றால் 4 மில்லியாம்ப், 27648 கவுண்ட் என்றால் 20. நடுவில் 16 மில்லியாம்ப். 7.61-லிருந்து 4-ஐக் கழித்து, 16-ஆல் வகுத்து, 27648-ஆல் பெருக்கினால் சுமார் 6240. 22.06-க்கு அதையே செய்தால் சுமார் 31208. அதாவது உங்கள் புரோகிராம் 0-விலிருந்து 27648 வரை அனுப்புவதற்குப் பதிலாக 6240 சொச்சத்திலிருந்து 31208 வரை அனுப்புகிறது. எஸ்எல்சி தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டு எண்களும் பழக்கமானவை. பெரியவர் வரட்டும், அவரே சொல்லட்டும்.

86 சதவீதத்துக்கு மேல் அசையாததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. கரன்ட் 20-ஐத் தொடுவது 85.7 சதவீதக் கட்டளையில். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் வால்வ் ஏற்கெனவே முழுக்கத் திறந்துதான் இருக்கும்.

கத்திவாக்கம்_பெரியவர்:
6242, 31208. பழைய எஸ்எல்சியின் 1746 என்ஓ4ஐ அவுட்புட் கார்டின் எண்கள் அவை.

அந்தக் கார்டு 32768 கவுண்டை 21 மில்லியாம்புக்குப் பரப்பியது. ஒரு மில்லியாம்புக்கு சுமார் 1560.4 கவுண்ட். நான்கு மில்லியாம்புக்கு 6242, இருபதுக்கு 31208. அங்கே 0 கவுண்ட் என்றால் நிஜமாகவே 0 மில்லியாம்ப். 4-லிருந்து தொடங்க வேண்டுமென்றால் அந்த 6242-ஐப் புரோகிராமில் நாம்தான் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எஸ்எல்சியின் பிஐடி பிளாக் (வெப்பநிலையைப் பார்த்து வால்வ் கட்டளையைக் கணக்கிடுவது) 0-விலிருந்து 16383 வரை கொடுக்கும். அதை எஸ்சிஎல் என்ற ஸ்கேலிங் இன்ஸ்ட்ரக்ஷனில் விட்டு ரேட் 15239, ஆஃப்செட் 6242 என்று போடுவோம். அங்கே ரேட்டைப் பத்தாயிரத்தால் வகுத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதாவது 1.5239 மடங்கு. 16383-ஐ அதால் பெருக்கி 6242 கூட்டினால் 31208 வந்து நிற்கும்.

சீமென்ஸ் மாட்யூலில் 4–20 என்று ரேஞ்சைத் தேர்ந்தெடுத்தவுடன் அந்த நான்கை மாட்யூலே போட்டுக்கொள்கிறது. அதன் மேல் புரோகிராமும் தன் பங்குக்கு 6242 சேர்த்தால் நான்கை இரண்டு முறை சேர்த்ததாகிறது. உங்கள் லேடரில் 6242 எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

மணலி_இன்ஸ்ட்ரு:
சார், இருக்கிறது! காலையில் லேப்டாப் கிடைத்தது. மாற்றிக் கொடுத்தவர்கள் பிஐடி அவுட்புட்டை 0–100 ரியல் (தசம) எண்ணாக வைத்து, அதை 249.66-ஆல் பெருக்கி 6242 கூட்டி, ரவுண்டு செய்து அவுட்புட் வேர்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நெட்வொர்க்கில் கமென்ட் எதுவும் இல்லை. 249.66 என்ன என்று நேற்றுவரை யாருக்கும் தெரியாது. இப்போது புரிகிறது: 31208-லிருந்து 6242 போனால் 24966, அதில் நூறில் ஒரு பங்கு. ஆன்லைனில் கவுண்டும் பார்த்தேன். 0-க்கு 6242, 50-க்கு 18725, 100-க்கு 31208.

ராயபுரம்_டிப்ளமோ:
நான் கடைசி வருட டிப்ளமோ மாணவன். ஒரு சந்தேகம் அண்ணா. ஒரே 4–20 மில்லியாம்புக்கு ஏன் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு எண் வைத்திருக்கிறார்கள்? எங்கள் லேபில் மிட்சுபிஷி எஃப்எக்ஸ்2என்-2டிஏ இருக்கிறது, அதில் 4000 கொடுத்தால் 20 மில்லியாம்ப் வருகிறது. இன்னொன்று, ஏன் 0-விலிருந்து தொடங்காமல் 4-லிருந்து தொடங்குகிறார்கள்?

தண்டையார்பேட்டை_லேடர்:
நல்ல கேள்வி தம்பி. மாட்யூலுக்குள் இருக்கும் டிஜிட்டல்-அனலாக் கன்வெர்ட்டருக்கு இத்தனை பிட் என்று ஒரு கணக்கு உண்டு. எஃப்எக்ஸ்2என்-2டிஏ 12 பிட், மொத்தம் 4096 படி. அதில் 4000-ஐ எடுத்து 16 மில்லியாம்புக்குப் பரப்பினால் ஒரு படிக்கு 4 மைக்ரோஆம்ப், மனக்கணக்குக்கு வசதி. ஓம்ரான் சிஜே1 அனலாக் அவுட்புட்டிலும் 4000-தான், ஆனால் மேனுவலில் ஹெக்ஸில் 0எஃப்ஏ0 என்று எழுதியிருப்பார்கள். அதை அப்படியே டெசிமல் என்று நினைத்தால் தொலைந்தது. சீமென்ஸ் 27648-ஐ முழு அளவாக வைத்து, அதற்கு மேல் 32511 வரை ஓவர்ரேஞ்ச் என்று இடம் விட்டது. அந்த இடத்தில் கரன்ட் 22.81 மில்லியாம்ப் வரை போகும். மணலி அண்ணன் ஆலையில் 22.06 வெளியே வந்ததும் அந்த இடைவெளியில்தான்.

எண் பெரிதாக இருப்பதால் துல்லியம் கூடிவிடாது. எஸ்எம் 1232-ல் கரன்ட் அவுட்புட் 13 பிட், என்ஓ4ஐயும் 13 பிட். வேர்டில் 27648 தெரிந்தாலும் உள்ளே அத்தனை படிகள் கிடையாது. அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இது எந்த மாட்யூல், எந்த ரேஞ்ச் செட்டிங் என்றுதான். அந்த இரண்டும் தெரியாமல் 6242-ஐ ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது, செருப்புக் கடையில் ஊர் அளவையும் வெளிநாட்டு அளவையும் கலந்து கேட்பது போலத்தான்.

4 ஏன் என்பதைப் பெரியவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

கத்திவாக்கம்_பெரியவர்:
ஒயர் அறுந்தால் கரன்ட் 0. அளவு பூஜ்யமாக இருந்தாலும் கரன்ட் 0 என்றால் இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? அதற்காகத்தான் நான்கு. அதோடு, இரண்டு ஒயர் டிரான்ஸ்மிட்டர் தன் எலக்ட்ரானிக்ஸை ஓட்டுவதற்குத் தேவையான பவரையும் அந்த நான்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

இந்தப் பழக்கம் கரன்ட்டுக்கு முன்பே இருந்தது. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓட ஆரம்பித்த காலத்தில் ஆலைகளில் 3–15 பிஎஸ்ஐ காற்று சிக்னல்தான் நிறைய. 3-க்கும் 15-க்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு ஐந்து, 4-க்கும் 20-க்கும் அதே. டியூப் பிடுங்கிக்கொண்டால் 0 பிஎஸ்ஐ, அதைப் பார்த்தவுடன் ஆப்பரேட்டருக்குக் கோளாறு என்று தெரிந்துவிடும். பின்னால் வந்த, ஆலைக் கருவிப் பயனர் அமைப்பான நமூரின் என்இ 43 பரிந்துரை அளவுக்கான இடத்தை 3.8-லிருந்து 20.5 மில்லியாம்ப் வரை என்று வரையறுத்தது. 3.6-க்குக் கீழேயும் 21-க்கு மேலேயும் போனால் அது அளவு கிடையாது, கோளாறு அறிவிப்பு. இந்த 22.06 அந்த லூப்பில் ஒரு ரெக்கார்டருக்கும் சேர்த்துப் போயிருந்தால் அது கோளாறு என்று கத்தியிருக்கும்.

விம்கோநகர்_சர்வீஸ்:
எல்லாம் சரி, கணக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் புரோகிராமில் கை வைப்பது யார் பொறுப்பு? டவுன்லோடு செய்யும்போது சிபியு நின்றுவிட்டால் என்ன செய்வது? நான் சொன்னபடி பொசிஷனரில் 7.61-ஐ ஜீரோ, 22-ஐ ஸ்பேன் என்று பழக்கிவிட்டால் வால்வ் சரியாக மூடும், சரியாகத் திறக்கும். புரோகிராமை அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம். எத்தனையோ இடத்தில் இப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

கத்திவாக்கம்_பெரியவர்:
சமாளிக்கிறார்கள் என்பது உண்மைதான். அதனால்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்வதுபோல் செய்தால் அந்த வால்வ் இனி அந்தப் புரோகிராமோடு மட்டும்தான் சரியாக நடக்கும். ஆறு மாதம் கழித்து ராத்திரி ஷிஃப்டில் பொசிஷனர் பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோரிலிருந்து புதியதை எடுத்து மாட்டுவார்கள். அது 4–20-க்குத் தொழிற்சாலையில் கேலிபிரேட் ஆகி வந்தது. மாட்டியவுடன் ஜாக்கெட்டுக்கு 22 சதவீத நீராவி போகும். மாட்டியவர் கையில் இருக்கும் லூப் கேலிபிரேட்டரில் 4 கொடுத்துப் பார்ப்பார், வால்வ் மூடும். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். உள்ளே சரக்கு சூடாகிக்கொண்டிருக்கும். ரியாக்டரில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அது வெறும் பேட்ச் நஷ்டமாக நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

புரோகிராமில் கை வைக்கப் பயமாக இருக்கிறது என்றால் அதற்கு மருந்து அனுமதி வாங்குவதும், பேக்கப் எடுப்பதும், பேட்ச் இல்லாத நேரத்தில் செய்வதும்தான். சிக்னல் எங்கே தவறுகிறதோ அங்கேதான் திருத்த வேண்டும்.

விம்கோநகர்_சர்வீஸ்:
ராத்திரி ஷிஃப்ட் உதாரணம் சரியானது, ஒப்புக்கொள்கிறேன். பேட்ச் முடியட்டும், பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள் தம்பி.

தண்டையார்பேட்டை_லேடர்:
மணலி நண்பருக்கு, 249.66-ஐயும் 6242-ஐயும் மாற்றி வேறு இரண்டு எண்களை அங்கே போட்டுவிடாதீர்கள். அடுத்து வருபவருக்கும் அதே புதிர்தான். எஸ்7-1200-ல் நார்ம்_எக்ஸ், ஸ்கேல்_எக்ஸ் என்று இரண்டு பிளாக் இருக்கின்றன. முதலாவதில் குறைந்தது 0.0, அதிகம் 100.0 கொடுத்து பிஐடி அவுட்புட்டை விட்டால் 0-விலிருந்து 1 வரை ஒரு ரியல் எண் வரும். அதை இரண்டாவதில் 0, 27648 என்று கொடுத்து இன்ட்டாக (முழு எண்ணாக) வெளியே எடுங்கள். எண்களைப் பார்த்தாலே அர்த்தம் தெரியும்.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஸ்கேல்_எக்ஸ் தானாக எல்லை போடாது. மேனுவலில் யாராவது 120 என்று அடித்தால் 33178 வெளியே வரும், அது 16 பிட் இன்ட்டில் அடங்காது. ஆகவே நார்ம்_எக்ஸுக்கு முன்னாலேயே லிமிட் போட்டு 0–100-க்குள் பிடித்து நிறுத்துங்கள். பழைய எஸ்7-300-ன் எஸ்எம் 332-ல் 32512-ஐத் தொட்டாலே கரன்ட் 0-க்கு விழுந்துவிடும். முழுக்கத் திற என்று சொன்ன நேரத்தில் வால்வ் படீரென்று மூடும். காரணம் தெரியாதவர்கள் ஒயர் லூஸ் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, முழு எண்ணில் கணக்குப் போடுபவர்களுக்கு. உதாரணமாக மோட்டார் வேகத்துக்கு 1500 ஆர்பிஎம் முழு அளவு, இப்போது 1450 என்றால், முதலில் வகுத்தால் விடை 0, எல்லாம் போச்சு. முதலில் பெருக்கினால் 1450 பெருக்கல் 27648, நான்கு கோடியைத் தாண்டும், 16 பிட்டில் அடங்காது. 32 பிட்டில் பெருக்கி அப்புறம் வகுக்க வேண்டும், இல்லையென்றால் ரியலில் போட வேண்டும்.

எண்ணூர்_பேனல்:
டிப்ளமோ தம்பிக்காக கோளாறின் இன்னும் இரண்டு முகங்களைச் சொல்கிறேன், லேபில் செய்து பாருங்கள். ஐந்து புள்ளி அளக்கும்போது 0, 5, 10, 15, 20 என்று வந்தால் மாட்யூல் 0–20 ரேஞ்சில் இருக்கிறது. புரோகிராமில் தேட வேண்டாம், ஹார்டுவேர் செட்டிங்கைத் திறங்கள். 4, 8, 12, 16 வரை சரியாக வந்து 100-ல் மட்டும் 18 சொச்சத்தில் நின்றுவிட்டால் லோடு அதிகம். எஸ்எம் 1232 கரன்ட் அவுட்புட்டுக்கு 600 ஓம்தான் எல்லை, பழைய என்ஓ4ஐக்கு 500. பொசிஷனரின் உள் ரெசிஸ்டன்ஸ், ஹார்ட் (அதே ஒயரில் போகும் டிஜிட்டல் தகவல்) வசதிக்காகப் போட்ட 250 ஓம், நடுவில் யாரோ மாட்டிய டிஸ்ப்ளே, எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அப்படி வந்தால் கோடு மேலே மட்டும் வளையும். ஸ்கேலிங் தவறு என்றால் கோடு நேராக இருந்துகொண்டே இடம் மாறி நிற்கும்.

மணலி_இன்ஸ்ட்ரு:
எல்லோருக்கும் நன்றி. பேட்ச் முடிந்தபின் அனுமதி வாங்கி, பழைய புரோகிராமை பேக்கப் எடுத்துவிட்டு மாற்றினோம். லிமிட், நார்ம்_எக்ஸ், ஸ்கேல்_எக்ஸ், மேலே தமிழிலேயே கமென்ட். இப்போது 4.01, 8.00, 12.01, 16.00, 19.99. 0 கொடுத்தவுடன் ஸ்டெம் சீட்டில் போய் உட்காருகிறது. பொசிஷனரைத் தொடவே இல்லை. அடுத்த பேட்ச்சில் செட்பாயின்ட்டைத் தொட்டு ஒரு டிகிரிக்குள்ளேயே நிற்கிறது, ஆப்பரேட்டர் கை வால்வுப் பக்கம் போகவில்லை. பிஐடி ட்யூனிங் மட்டும் கொஞ்சம் சோம்பலாக இருப்பது போல் தெரிகிறது.

தண்டையார்பேட்டை_லேடர்:
சோம்பலாகத்தான் இருக்கும். முன்பு வால்வ் மூடாமல் வெப்பநிலை தாண்டிப் போனதைப் பார்த்து யாராவது கெயினைக் (பிஐடி பதிலளிக்கும் வலுவைக்) குறைத்து வைத்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். கூடவே ஒன்று: சிபியு ஸ்டாப்புக்குப் போனால் அந்த சேனல் என்ன செய்ய வேண்டும் என்று டிவைஸ் கான்ஃபிகரேஷனில் ஒரு இடம் இருக்கிறது. கடைசி மதிப்பைப் பிடித்து வைத்துக்கொள் என்றா, மாற்று மதிப்பைக் கொடு என்றா, எது போட்டிருக்கிறது?

மணலி_இன்ஸ்ட்ரு:
கடைசி மதிப்பைப் பிடி என்று இருந்தது மேடம். வால்வ் 60-ல் இருக்கும்போது சிபியு நின்றால் 60-லேயே நீராவி போய்க்கொண்டிருந்திருக்கும். நீராவி வால்வ் காற்று போனால் மூடும் வகை, ஆகவே மாற்று மதிப்பு 4 மில்லியாம்ப் போட்டேன். பக்கத்து சேனலில் கூலிங் வாட்டர் வால்வ், காற்று போனால் திறக்கும் வகை. அதற்கும் 4 போடலாமா?

கத்திவாக்கம்_பெரியவர்:
பொசிஷனர் 4 மில்லியாம்பில் காற்றை வெளியே விடுகிறது என்றால் போடலாம், வால்வ் திறந்து நிற்கும். அதை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த வால்வுக்கு 100 சதவீதக் கட்டளை என்றால் திறப்பா மூடலா என்று எங்கேயாவது ஒரே ஒரு இடத்தில்தான் திருப்பியிருக்க வேண்டும். பிஐடியில் ஒரு முறை, ஸ்கேலிங்கில் ஒரு முறை என்று இரண்டு இடத்தில் திருப்பி வைத்திருந்தால் பழையபடி ஆகிவிடும். பழைய லேடரிலிருந்து மாற்றியவர்கள் அங்கேயும் 6242-ஐ விட்டுவைத்திருக்கிறார்களா என்று சேர்த்துப் பாருங்கள்.

மணலி_இன்ஸ்ட்ரு:
பார்த்தேன் சார், அங்கே வேறு மாதிரி இருந்தது. 31208-லிருந்து கழித்துத் தலைகீழாக்கியிருந்தார்கள். ஆகவே அந்த வால்வும் முழுக்கத் திறக்காமல் இருந்திருக்கிறது, நீராவி அதிகமாகப் போனதால் கூலிங் போதவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது 0–27648-க்கு மாற்றி, திருப்புவதை பிஐடியில் மட்டும் வைத்தோம். ரியாக்டர் காலியாக இருக்கும்போது சிபியுவை ஸ்டாப்பில் போட்டு இரண்டு ஸ்டெம்மையும் நின்று பார்த்தேன். நீராவி மூடியது, கூலிங் வாட்டர் திறந்தது. ஐந்து புள்ளிக்கும் கவுண்டும் மில்லியாம்பும் எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.